கல்வியின் மறுபாதி

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஐந்தாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி மாலையில் வீடு திரும்புகிறாள். புத்தகப் பையைக் கழற்றி வைக்கும்போதே, "அம்மா, இன்றைக்கு இரண்டாம் வகுப்புத் தம்பிக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்கிறாள். தாயின் முகம் சற்றே சுருங்குகிறது. "உன் பாடம் என்ன ஆயிற்று? நீ படிக்கப் போகிறாயா, வாத்தியார் வேலை பார்க்கப் போகிறாயா?" என்று கேட்கிறாள்.

அந்தத் தாயின் வினாவைத் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. குழந்தைப் பருவம் மீண்டும் வாராதது. ஒரு குழந்தையின் ஒரு மணி நேரம் மற்றொரு குழந்தைக்காகச் செலவாகுமானால், அச்செலவுக்கு ஈடாக அக்குழந்தை பெறுவது என்ன? தொடக்கப்பள்ளிகளில் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் விடைகூற வேண்டிய வினா இதுவே.

பவணந்தியார் கூறும் கணக்கு

இவ்வினாவுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை எழுதி வைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கனின் வேண்டுகோளை ஏற்று, சமண முனிவராகிய பவணந்தியார் நன்னூலை இயற்றினார். எழுத்தும் சொல்லும் கூறவந்த அந்நூல், அவற்றைத் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை விரித்துரைக்கிறது. இலக்கண நூலின் வாயிலிலேயே ஒரு கல்வியியல் நூல் அமைந்திருக்கிறது என்று கூறினும் மிகையாகாது.

அங்கே பவணந்தியார் ஒரு கணக்குக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை மாணவன் முழுக் கருத்துடன் கேட்டாலும் அவன் பெறுவது கால் பங்குப் புலமையே. உடன் பயில்வோரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய இரண்டு கால் பங்குகள், அதாவது சரிபாதி, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிறையும்.

இக்கணக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். பிறர்க்கு உரைத்தலைக் கற்று முடித்தவன் செய்யும் அறச்செயலாக மட்டும் அவர் கருதவில்லை. அதனைக் கல்வியின் உள்ளுறுப்பாகவே வைக்கிறார். சொல்லிக் கொடுக்காதவன் பிறர்க்கு உதவாதவன் மட்டுமல்லன். தன் கல்வியிலும் பாதியை இழந்தவன் ஆகிறான். ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் தாய்க்கு இதனினும் நேரான விடை வேறில்லை.

ஆயினும் முனிவர் அங்கே ஓர் அடைமொழியையும் சேர்த்தே கூறுகிறார். வெறுமனே உரைத்தலன்று, செவ்விதின் உரைத்தல். செம்மையாக எடுத்துரைத்தால்தான் அப்பாதி வாய்க்கும். இந்த ஒரு சொல் மறக்கப்பட்டபோது இம்முறைக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

தமிழகத்துத் திண்ணைப்பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுத்து எழுதினான். சற்றே தேர்ந்தவன் ஓலையில் எழுத்தாணி பிடித்தான். எல்லார்க்கும் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியர் வருமுன் பிள்ளைகளை அமர்த்துவதும், பாடம் ஒப்புவிக்கச் செய்வதும், சிறுவரின் கைபிடித்து எழுதவைப்பதும் அவன் பணி.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்து நாட்டுக் கல்வியின் நிலையை ஆராயுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில், மாகாணமெங்கும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் கணக்கிடப்பட்டுள்ளனர். அவ்வறிக்கைகளுள் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் 1823இல் அனுப்பியது குறிப்பிடத்தக்கது. தேர்ந்த மாணவர் தேராதவர்க்குக் கற்பிப்பதையும், அதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்வதையும் அவர் வியந்து பாராட்டினார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அதே அறிக்கையில், பிள்ளைகள் பொருள் உணராமல் செய்யுள்களை மனப்பாடம் செய்யும் குறையையும் அவர் மறைக்காமல் சுட்டினார். நிறையும் குறையும் ஒரே திண்ணையில் இருந்தன.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

இங்கிலாந்து பின்பற்றியது என்று காம்ப்பெல் குறித்ததற்கு ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ஆங்கிலேயப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக அமைந்த இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். அங்கிருந்த ஆசிரியர்கள் பழைய வழியை விட்டு நகரவில்லை; பிள்ளைகளோ எழுத்துகளைக் கூட எளிதில் கற்கவில்லை.

ஒருநாள் காலையில் குதிரையில் சென்றபோது, தமிழ்ப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார். அதே முறையைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் இது நடவாது என்றனர். பெல் தளரவில்லை. எழுத்தறிந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, எழுத்தறியாத பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனாகிய ஜான் ஃப்ரிஸ்கென் என்பது அவன் பெயர். வளர்ந்தவர்கள் நடவாது என்றதை அச்சிறுவன் நடத்திக் காட்டினான். பின்னர் அவ்வில்லத்தில் கற்பிப்போனும் கற்போனுமாகப் பிள்ளைகள் இணையிணையாக அமர்த்தப்பட்டனர். பிள்ளைகளின் குற்றங்களை ஏட்டில் பதிந்து, பிள்ளைகளே கூடி ஆராயும் வழக்கமும் ஏற்பட்டது. பிரம்புக்கு வேலை குறைந்தது.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையைச் சிறு நூலாக இலண்டனில் வெளியிட்டார். இம்முறை 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளி, 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. மணலில் எழுதிய தமிழ்ப்பிள்ளைகளின் பெயர்களை எவரும் குறித்து வைக்கவில்லை. அவர்களது ஊரின் பெயராவது கடல் கடந்து நிலைத்தது.

பாதை எங்கே தவறியது

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆசிரியர்களை அமர்த்தப் பொருளின்மையால் மூத்த மாணவர்களைக் கொண்டே கற்பித்தார். ஒரே பெருங்கூடம், நூற்றுக்கணக்கான சிறுவர், ஒரே ஆசிரியர், வரிசைக்கொரு சட்டாம்பிள்ளை என்று அம்முறை விரைந்து பரவியது. ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு நகரத்துப் பிள்ளைகளையே படிக்கவைக்கலாம் என்று செல்வர்கள் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சியிலேயே கேடு தொடங்கியது. பெல் தொடக்கத்தில் கேட்டது, பிள்ளை எவ்வாறு விரைவில் கற்கும் என்பதை. பின்வந்தோர் பலர் கேட்டதோ, எவ்வளவு குறைந்த செலவில் முடியும் என்பதை. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது சிறுவனுக்குத் தெரிந்ததைவிட ஒரு பாடம் மட்டுமே அதிகம். அவனுக்குப் பயிற்சி இல்லை. ஐயம் எழுந்தால் கேட்க ஆளில்லை. எனவே பாடம் கட்டளையாகவும் ஒப்புவித்தலாகவும் சுருங்கியது. லங்காஸ்டரின் பள்ளியில் தவறு செய்த சிறுவன் கழுத்தில் மரக்கட்டை மாட்டப்பட்டது. சிலரைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டதும் உண்டு. இறுதியில் 1846இல் ஆங்கிலேய அரசு வேறு வழிக்குத் திரும்பியது. பதின்மூன்று வயது நிரம்பியோரை ஊதியத்துடன் ஐந்தாண்டுகள் ஆசிரியரிடம் பயிற்சிக்கு அமர்த்தும் ஏற்பாடு வந்தது. சட்டாம்பிள்ளை முறை படிப்படியாக மறைந்தது.

முறை பொய்யாகிப் போனது என்று இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. 'செவ்விதின்' என்ற சொல் கைவிடப்பட்டது. எஞ்சிய 'உரைத்தல்' வெற்றொலியாயிற்று.

கட்டவிழ்த்த கணக்கு

செவ்விதின் உரைத்தல் என்பது ஒரு குழந்தையிடம் எவ்வாறு நிகழும்? முன்னர்க் கண்ட அச்சிறுமியையே மீண்டும் நோக்கலாம்.

இரண்டாம் வகுப்புச் சிறுவன் முன் ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்கும் கணக்கு இருக்கிறது. அவன் முப்பத்தைந்து என்று எழுதுகிறான். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். சிறுமி தான் கற்றபடியே, "பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு" என்கிறாள். சிறுவன் நிமிர்ந்து பார்த்து, "வாங்கின கடனை எப்போதுக்கா திருப்பித் தர வேண்டும்?" என்று கேட்கிறான்.

சிறுமி திகைத்து நிற்கிறாள். மூன்று ஆண்டுகளாக அவள் கடன் வாங்கிக் கழித்திருக்கிறாள். நூற்றுக்கு நூறும் பெற்றிருக்கிறாள். ஆனால் இக்கேள்வி அவளுக்குள் ஒருமுறையும் எழவில்லை. கடனாக வாங்கிய ஒன்று எவ்வாறு பத்தாகிறது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதே அன்றுதான் தெரிகிறது.

அவள் ஆசிரியையிடம் செல்கிறாள். அவர் விடையைச் சொல்லவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் தரையில் வைக்கப்படுகின்றன. ஏழு குச்சிகளை எடுக்க வேண்டும். உதிரியாக இருப்பவை இரண்டே. சிறுவனின் கையே முந்திக்கொண்டு ஒரு கட்டின் நூலை அவிழ்க்கிறது. இப்போது கட்டுகள் நான்கு, உதிரிகள் பன்னிரண்டு. ஏழை எடுத்தால் எஞ்சுவன ஐந்து. இரண்டு கட்டுகளை எடுத்தால் எஞ்சுவன இரண்டு. விடை இருபத்தைந்து.

அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு கட்டு அவிழ்ந்தது, அவ்வளவே. சிறுவன் ஒரு கணக்கைக் கற்றான். சிறுமி அத்தகைய கணக்குகள் அனைத்தின் உட்பொருளையும் கற்றாள். பவணந்தியார் கூறிய மறுபாதி இதுதான். தேர்வுத்தாள் ஒருபோதும் கேட்காத கேள்வியை ஏழு வயதுப் பிள்ளை கேட்டுவிடுகிறது.

பின்தங்கிய மூத்தவன்

நன்கு படிக்கும் பிள்ளைக்கே இப்பயன் என்றால், படிப்பில் பின்தங்கிய மூத்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அவனுக்கே மிகுதியாகக் கிடைக்கும் என்பதே வியப்பு.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் சிறுவன் இல்லாத பள்ளி அரிது. அவனுக்கு வேண்டியது இரண்டாம் வகுப்புப் புத்தகம். அதனை அவன் கையில் கொடுத்தால் நாணத்தால் குன்றிப்போவான். அதே புத்தகத்தை, "இதை அந்தத் தம்பிக்குப் படித்துக் காட்டு, நாளைக்குள் நீ ஒருமுறை பார்த்துக்கொள்" என்று கூறிக் கொடுத்தால், தலைநிமிர்ந்து வாங்கிச் செல்வான். வீட்டில் இருமுறை படிப்பான். யாரும் நகையாத இடத்தில், தன்னை அண்ணன் என்று அழைக்கும் ஒருவன் முன், அவன் விட்டுப்போன படிகளை ஏறிவிடுவான்.

நியூயார்க் நகரின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் இதனைச் சோதித்து, ராபர்ட் கிளோவர்ட் என்னும் ஆய்வாளர் 1967இல் முடிவை வெளியிட்டார். வாசிப்பில் தாமே பின்தங்கியோரும் இருந்த உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கு வாசிப்புக் கற்பித்தனர். சிறுவர் முன்னேறினர், கற்பித்தோர் அவர்களினும் மிகுதியாக முன்னேறினர். 1982இல் இத்தகைய ஆய்வுகள் அறுபத்தைந்தைத் திரட்டி ஆராய்ந்தபோதும், கற்றவர், கற்பித்தவர் ஆகிய இரு சாராரும் பயன்பெற்றமை தெரியவந்தது.

தமிழகத்திலும் இக்கருத்து புத்துருவம் பெற்றது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில் கலந்து அமர்ந்தனர். ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, உடன் பயில்வோர் துணையுடன் கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் ஏணிப்படி அட்டைகளின் வழியே நகர்ந்தனர். திண்ணையின் நிறை மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது.

நான்கு எச்சரிக்கைகள்

மூத்த பிள்ளை எவ்வாறெல்லாம் தவறக்கூடும் என்பதற்கும் நன்னூலிடமே செல்லலாம். ஆசிரியர் ஆகத் தகாதவர்க்குப் பவணந்தியார் நான்கு உவமைகள் தருகிறார். அவை சட்டாம்பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, கழற்சிக்காய் பெய்த குடம். ஒவ்வொன்றாக இட்ட காய்கள், கவிழ்க்கும்போது முறைமாறி விழும். தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும் பிள்ளை இத்தகையது. அப்பிள்ளைக்கு ஆசிரியர் முதல்நாளே ஒரு பாடத்தின் ஒரு படியை மட்டும் வரையறுத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, மடல் நிறைந்த பனை. தானாகக் கனி உதிர்த்தாலன்றி, எவரும் அணுகிப் பறிக்க இயலாது. கையில் பிரம்பும் நெஞ்சில் அதிகாரமும் ஏறிய சட்டாம்பிள்ளை இத்தகையவன். அடிக்கவும் தண்டிக்கவும் பெயர் எழுதி மாட்டிவிடவும் உரிமை பெற்ற பிள்ளை அன்று முதல் கற்பிப்பதில்லை. ஆதலின் அவ்வுரிமை எப்பிள்ளைக்கும் வழங்கப்படலாகாது. இளம்பருவத்தில் சுவைத்த அதிகாரம் கற்பித்தவனின் குணத்தையே கெடுக்கும்; அஃது இளையவனின் அச்சத்தினும் பெரிய இழப்பு.

மூன்றாவது, பருத்தி அடைத்த குண்டிகை. சிறிது சிறிதாகத் திணித்த பஞ்சு, சிறிது சிறிதாகவே வெளிவரும். கூச்சமுள்ள பிள்ளை அத்தகையது. அதனை இகழாமல், சொல்லுக்கு மாற்றாகக் குச்சியையும் புளியங்கொட்டையையும் படத்தையும் கையில் கொடுத்தால் கைகள் பேசத் தொடங்கும்.

நான்காவது, முடத்தெங்கு. வேலிக்கு உள்ளே நீர் வார்க்க, வேலிக்கு வெளியே காய் உதிர்க்கும். வேண்டியவர்க்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, மற்றவரை விலக்கும் பிள்ளை இத்தகையது. இணைகளை ஆசிரியரே அமைத்து, அவ்வப்போது மாற்றுவது இதற்கு மருந்து. முதல் மதிப்பெண் பெறுவோர்க்கு மட்டுமின்றி எல்லா மூத்த பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்பு முறைவைத்துக் கிடைக்க வேண்டும்.

இவற்றோடு நேர அளவும் தேவை. நாளுக்கு அரைமணி நேரம் போதுமானது. எழுதவேண்டியவன் இளையவன், மூத்தவன் அவனுடைய ஏட்டில் எழுதலாகாது. முடிந்தபின், "தம்பிக்கு எங்கே தடுக்கியது? உனக்கு எங்கே தடுக்கியது?" என்று மூத்தவனிடம் ஆசிரியர் இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். கற்பித்தல் கல்வியாக மாறுவது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை பெரியவர்களுக்கு உரியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று வரையறுக்கிறது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகள் ஊர்தோறும் உள்ளன. அங்கே மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இயல்பாகவே நிகழ்கிறது. ஆனால் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடத்தைப் பத்து வயதுக் குழந்தையைக் கொண்டு நிரப்புவது கல்வி ஆகாது. அவ்வாறு செய்யப்படும்போது அந்தத் தாயின் கேள்வி முழுவதும் நியாயமாகிறது. லங்காஸ்டரின் கூடம் தந்த பாடம் அதுவே.

வீட்டுத் திண்ணை

இப்பணிக்குப் பள்ளி ஒன்றே இடம் என்பதில்லை. கோடை விடுமுறையிலும் திருவிழா நாள்களிலும் நகரத்துப் பிள்ளைகள் பாட்டனார் ஊருக்கு வருகிறார்கள். பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் ஒரே கூடத்தில் கூடுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் சிலர்க்குத் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. ஊர்ப்பிள்ளைகள் சிலர்க்கு ஆங்கிலம் தடுமாறுகிறது. பன்னிரண்டு வயது அக்காள் எட்டு வயதுத் தம்பிக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு கதையைப் படித்துக் காட்டினால் போதும். பெரியவர்கள் அருகிருந்து கேட்க வேண்டும், குறுக்கிடாதிருக்க வேண்டும். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூலறிவையும் தானமாக வைத்து எண்ணிய மரபில் வந்த குடும்பங்களுக்கு இது புதிய பணியன்று. ஏனைய தானங்களில் கொடுத்தவனிடம் இருப்பது குறைகிறது. இத்தானத்தில் கொடுத்தவனிடம் இருப்பது வளர்கிறது.

மாலையில் வீடு திரும்பிய மகளிடம் தாய் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். "உன் பாடம் என்ன ஆயிற்று?" என்ற கேள்வியைத் தாய்மார் கைவிட வேண்டியதில்லை. அதனோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: "தம்பி உன்னிடம் என்ன கேட்டான்?"

அக்கேள்விக்கு மகள் ஈர்க்குச்சிக் கட்டை எடுத்து வந்து, தாயின் முன் அமர்ந்து, நூலை அவிழ்த்துக் காட்டுவாளாயின், அவளுடைய பாடத்துக்கு எக்குறையும் நேரவில்லை என்பதை அந்தத் தாய் தானே அறிந்துகொள்வாள்.